எட்டுக் காடை முட்டை எப்படிப் பன்னிரண்டானது?

ராத்திரி எட்டு முட்டையை வைத்துவிட்டுத் தூங்கினால், காலையில் பன்னிரண்டு முட்டை இருக்குமா?

கடுகு கூடையை எட்டிப் பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் எண்ணினாள். பன்னிரண்டு. இடமிருந்து எண்ணினாலும் பன்னிரண்டு, வலமிருந்து எண்ணினாலும் பன்னிரண்டு.

கடுகு என்பது அவளுடைய நிஜப்பெயர் இல்லை. வகுப்பிலேயே குள்ளமானவள், ஆனால் வாய் மட்டும் சூடான எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி படபடவென்று பொரியும். அதனால் அப்பா வைத்த பெயர் அது. பத்து வயதாகியும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. அவளுடைய தம்பிக்கு ஆறு வயது. அவனை எல்லாரும் டமாரம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் உங்கள் காதில் ஒரு ரகசியம் சொன்னால் அடுத்த தெருவில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார்.

அவர்கள் இருப்பது இரண்டாவது மாடி. பால்கனியில் துணி துவைக்கும் மெஷின், அதன் பக்கத்தில் அப்பா பலகை அடித்துக் கம்பிவலை கட்டிய ஒரு கூண்டு. கூண்டுக்குள் நான்கு காடைகள்.

ஒன்றின் பெயர் அவசரம். தீனித் தட்டைக் கீழே வைப்பதற்குள் அதில் காலை வைத்துவிடும். இன்னொன்று முறைப்பு. யார் வந்தாலும் 'உனக்கு இங்கே என்ன வேலை?' என்று முறைக்கும். மூன்றாவது மேடம். அது நடந்தால் மற்றவை ஒதுங்கி வழிவிட வேண்டும். நான்காவது கொட்டாவி. மூலையில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மற்ற மூன்றும் முட்டை போட ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியும் அது மட்டும் ஒரு முட்டைகூடப் போடவில்லை.

"இது நம்ம வீட்டுக்கு விருந்துக்கு வந்திருக்கு. எப்பக் கிளம்பும்னுதான் தெரியல" என்பார் அப்பா.

காடைகள் பெரும்பாலும் சாயங்காலம்தான் முட்டையிடும். கடுகும் சாயங்காலம்தான் கூண்டைத் திறந்து, அவற்றை ஒரு மணி நேரம் பால்கனியில் நடக்க விடுவாள். அந்த நேரத்தில் கூண்டுக்குள் கையை விட்டு முட்டைகளைப் பொறுக்குவாள். கட்டைவிரல் நுனி அளவுதான் இருக்கும். மேலெல்லாம் புள்ளி. ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் அன்றைய தேதியைப் போட்டுக் கூடையில் வைப்பாள்.

அதற்கு அம்மாவின் சட்டங்கள் உண்டு. காடையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். முட்டையைக் கழுவி எடுத்துவைக்கக் கூடாது, சமைப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கழுவ வேண்டும். கீறல் விழுந்த முட்டை நேராகக் குப்பைக்கு. இந்தச் சட்டங்களை டமாரம்கூடத் தூக்கத்தில் சொல்வான்.

இந்த வாரம் கடுகு ஒரு பெரிய வாக்குக் கொடுத்திருந்தாள்.

கீழ்வீட்டில் ஒரு தையல்காரி இருக்கிறாள். குழந்தைகளுக்கு அவள் தையல் அக்கா. அக்காவுக்கு இது ஏழாவது மாதம். வயிறு பெரிதாகிவிட்டதால் தையல் மெஷினைத் தள்ளி வைத்துக்கொண்டு, கையை நீட்டி நீட்டித் தைக்கிறாள். அவளுடைய வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்க்கிறார். வருவதற்கு இன்னும் ஒரு மாதம் ஆகும்.

"டாக்டர் நிறைய முட்டை சாப்பிடச் சொல்றாங்க. கடைக்குப் போயிட்டு வரதுக்குள்ள மூச்சு வாங்குது" என்று அக்கா ஒருநாள் சொன்னாள்.

கடுகுக்கு உடனே வாய் பொரிந்தது. "நான் தரேன் அக்கா! சனிக்கிழமை காலைல பன்னெண்டு முட்டை. புத்தம் புதுசு!"

அன்று புதன்கிழமை. மூன்று காடை, நான்கு நாள், மூநான்கு பன்னிரண்டு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. சனிக்கிழமை முட்டை சாயங்காலம்தான் வரும் என்பது மட்டும்தான் அதில் இல்லை. போதாததற்கு வியாழக்கிழமை மேடம் லீவு எடுத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடையில் எட்டுத்தான் இருந்தன.

"நாலு குறையுதே! அக்காகிட்ட என்னன்னு சொல்வேன்?" என்று வீடு முழுக்க நடந்து நடந்து புலம்பிவிட்டுத்தான் கடுகு படுத்தாள்.

இப்போது பன்னிரண்டு!

முதலில் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் குழப்பமாக இருந்தது. காலையில் முட்டை போட்டிருக்குமோ? அப்படியே போட்டாலும் அவை நடந்து வந்து கூடையில் ஏறுமா? எல்லாவற்றிலும் தேதி வேறு இருந்தது. நேற்றைய தேதி 7. சில முட்டைகளில் அந்த 7 மட்டும் தள்ளாடிக்கொண்டு நின்றது. முட்டை உருண்டை, எழுத்துக் கோணியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"டமாரம், நேத்து கூடையில எத்தனை முட்டைடா இருந்துச்சு?"

டமாரம் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். வாய் நிறைய நுரை. "எனக்கென்ன தெரியும்?" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். நுரை சட்டையில் வழிந்தது.

'நான்தான் நேற்றுச் சரியாக எண்ணவில்லை போல' என்று கடுகு முடிவுகட்டினாள். குறைந்திருந்தால் நூறு கேள்வி கேட்டிருப்பாள். கூடியிருந்ததால் வாயை மூடிக்கொண்டு, பன்னிரண்டையும் அட்டைப்பெட்டிக் குழிகளில் அடுக்கி, கீழே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அக்கா அவளுடைய கன்னத்தைக் கிள்ளி, "வாக்குக் கொடுத்தா வாக்குதான்!" என்றாள். கடுகு மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக ஏறினாள்.

அம்மா மூக்குக் கண்ணாடிக் கடை வேலைக்கும், அப்பா பஸ் ஓட்டவும் போய்விட்டார்கள். கடுகு கூண்டைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தாள். டமாரம் வந்து எதிரில் நின்றான். ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றான். வாயைப் பொத்திக்கொண்டான். அவனால் முடியவில்லை.

"அக்கா! குடுத்துட்டியா? சந்தோஷப்பட்டாங்களா? குறைஞ்ச முட்டையை நான்தான் வச்சேன்!"

கடுகின் கையில் இருந்த துடைப்பம் நின்றது. "நீ வச்சியா? ஏதுடா உனக்கு முட்டை?"

டமாரம் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் அப்பாவின் பழைய ஹெல்மெட் சாய்ந்து கிடந்தது. வார் அறுந்துபோனதால் அப்பா தூக்கிப் போட்டது. உள்ளே பஞ்சு பிய்ந்திருந்தது. அதில் இறகு, கொஞ்சம் எச்சம். நடுவில் ஒரே ஒரு காடை முட்டை.

"நேத்து பந்து உருண்டு போச்சா, எடுக்கப் போனா முட்டை! நீ அழுதியே, அதான் நீ தூங்கினப்புறம் எடுத்து வச்சேன். தேதிகூடப் போட்டேன். எல்லாத்துலயும் ஏழு. இது மட்டும் கீறல். அதனால எடுக்கல. அம்மா சட்டம்!"

அவன் நெஞ்சை நிமிர்த்தினான். கடுகுக்கு அவனைக் கட்டிக்கொள்வதா, தலையில் ஒரு குட்டு வைப்பதா என்று தெரியவில்லை.

"இது எத்தனை நாளா இங்க கிடக்குது?"

"தெரியாது."

"மத்தது எப்பப் போட்டது?"

"அது காடைக்குத்தானே தெரியும்?"

கடுகு ஹெல்மெட்டைத் தொட்டுப் பார்த்தாள். காலை வெயிலிலேயே அது கொதித்தது. மத்தியானம் எப்படி இருக்கும்? நேற்றுப் போட்ட முட்டையா, இருபது நாள் வெயிலில் வெந்த முட்டையா? யாருக்குத் தெரியும்?

"எத்தனை எடுத்தே?"

"அஞ்சு!" என்றான் டமாரம், பெருமையாக.

அஞ்சா? அப்படியானால் நேற்று இருந்தது ஏழுதானா? எட்டு என்று எண்ணினேனே! கடுகின் தலை சுற்றியது. ஏழோ எட்டோ, அது இப்போது முக்கியமில்லை. கெட்ட முட்டை கீழ்வீட்டில் இருக்கிறது. தையல் அக்கா அதைச் சாப்பிடப் போகிறாள். அக்கா மட்டுமா? வயிற்றில் குழந்தை!

அவள் வாசல்வரை ஓடினாள். வாசலில் கால் தயங்கியது. சொன்னால், 'இவ கொடுக்கற முட்டையே வேண்டாம்' என்று அக்கா சொல்லிவிட்டால்? புத்தம் புதுசு என்று அவ்வளவு பீற்றிக்கொண்டாளே! ஒருவேளை எல்லாமே நல்ல முட்டையாக இருந்தால், வீணாக எதற்குச் சொல்ல வேண்டும்? ஒருவேளை இல்லாவிட்டால்?

அந்த 'இல்லாவிட்டால்' அவளைப் பிடித்துத் தள்ளியது. நான்கு நான்கு படியாகத் தாவினாள்.

தையல் அக்காவின் அறையில் தபால்காரர் உட்கார்ந்திருந்தார். அவருடைய பையின் வார் பிய்ந்துவிட்டது, தைத்து வாங்க வந்திருந்தார். வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார். மேஜைமேல் ஒரு கிண்ணத்தில் அவித்த காடை முட்டைகள். பக்கத்துத் தட்டில் உரித்த ஓடு. அக்கா ஒரு வெள்ளை முட்டையை உப்பில் தொட்டு வாயருகே கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

"அக்கா, சாப்பிடாதீங்க!"

அக்காவின் கை அப்படியே நின்றது. தபால்காரர் திடுக்கிட்டு, வாயில் இருந்ததை விழுங்கிவிட்டார்.

"என்னாச்சு கடுகு? ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

கடுகு எல்லாவற்றையும் சொன்னாள். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னதால் ஹெல்மெட், டமாரம், அஞ்சு, ஏழு எல்லாம் கலந்து வந்தது. இரண்டாம் முறை சொன்னபோதுதான் புரிந்தது.

தபால்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சும்மா."

"எப்பண்ணே? இப்பதானே 'ரொம்ப நல்லாருக்கு, இன்னொண்ணு குடு'ன்னீங்க?" என்றாள் அக்கா.

"அது முதல்ல. இப்ப வலிக்குது."

அக்கா கையில் இருந்த முட்டையைத் தட்டில் வைத்தாள். அவளுடைய முகத்தில் சிரிப்பு இல்லை. இன்னொரு கை வயிற்றின்மேல் போய் நின்றது. அதைப் பார்த்ததும் கடுகு கிண்ணத்தின் பக்கம் பாய்ந்தாள்.

"கோணல் ஏழு இருந்தா அதுதான் ஹெல்மெட் முட்டைக்கா. தேதியைப் பார்த்தா தெரிஞ்சிடும்."

"தேதி எங்க இருக்கு? சமைக்கறதுக்கு முன்னாடி கழுவணும்னு நீதானே சொன்னே? தேய்ச்சுக் கழுவிட்டேன்."

கிண்ணத்தில் ஒரு முட்டையிலும் பென்சில் இல்லை. அம்மாவின் சட்டத்தை எல்லாரும் ஒழுங்காகக் கடைப்பிடித்துத்தான் இப்படி ஆகியிருந்தது. அக்காவின் போனில் கடுகு அம்மாவைக் கூப்பிட்டாள்.

"தண்ணில போட்டுப் பாரு. பழசுன்னா மிதக்கும்" என்றாள் அம்மா. "இல்ல சார், இந்தக் கண்ணாடியைப் போட்டுப் பாருங்க."

"அவிச்சாச்சும்மா."

"அவிச்சாச்சா? அப்பத் தண்ணில போட்டு என்ன தெரியப்போகுது? கலங்கலா தெரியுதா? உன்னைக் கேக்கலடி, சாரைக் கேக்கறேன்."

"எனக்கும் கலங்கலாத்தாம்மா இருக்கு. இப்ப என்ன பண்றது?"

அம்மாவின் குரல் மெதுவானது. "இங்க பாரு. எது நல்லது, எது கெட்டதுன்னு உறுதியாத் தெரிஞ்சா சாப்பிடலாம். தெரியலைன்னா பன்னெண்டையும் போட்டுடுங்க. அக்காவுக்கு இந்த நேரத்துல சந்தேகமான முட்டை வேண்டவே வேண்டாம்."

போனை வைத்தபோது கடுகுக்கு அழுகை வரும்போல் இருந்தது. பன்னிரண்டையும் போட்டுவிட்டால் அக்கா என்ன சாப்பிடுவாள்? அந்தப் பன்னிரண்டில் நல்ல முட்டைகளும் இருக்கின்றனவே! அவசரமும் முறைப்பும் மேடமும் கஷ்டப்பட்டுப் போட்டவை!

"ஆட்டிப் பாரு பாப்பா. கெட்டுப்போன முட்டைன்னா உள்ள தளதளன்னு ஆடும்" என்றார் தபால்காரர். ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினார். அவித்த முட்டை எங்கே ஆடும்? அடுத்து மோந்து பார்த்தார். "எல்லாமே முட்டை வாசனைதான் அடிக்குது" என்று கவலையோடு சொன்னார்.

"எங்க, ஓரமா வைங்க. முதல்ல மேஜையைக் காலி பண்றேன்" என்று அக்கா வெட்டிய துணிகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். பூப்போட்ட துணி, கட்டம்போட்ட துணி, கோடுபோட்ட துணி என்று எல்லாம் கலந்து கிடந்தன. அக்கா யோசிக்கவே இல்லை. கை, கழுத்து, பாக்கெட் என்று டக்டக்கென்று எடுத்து மூன்று குவியலாகப் போட்டாள்.

கடுகு பார்த்துக்கொண்டே நின்றாள். "அக்கா, எது யாரோட சட்டைக்குன்னு எப்படித் தெரியுது? சீட்டு எதுவும் ஒட்டலையே?"

"சீட்டு எதுக்கு? அதான் துணிமேலயே இருக்கே. பூவோட பூ சேரும், கோட்டோட கோடு சேரும்."

கடுகு கிண்ணத்தைப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள். மறுபடியும் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"எனக்கு ஒரு வெள்ளைத் துணி குடுங்க!"

அக்கா ஒரு துண்டு வெள்ளைத் துணியை விரித்தாள். கிண்ணத்தில் உரிக்காமல் பத்து முட்டைகள் இருந்தன. ஒன்றிலும் விரிசல் இல்லை. கடுகு ஒவ்வொன்றாகத் துணிமேல் வைத்தாள். முதல் முட்டையில் மிளகுத்தூள் தூவியதுபோலப் பொடிப்பொடியாகப் புள்ளிகள். அடுத்ததில் சாம்பல் நிறத்தில் தேய்த்துவிட்ட மாதிரி ஒரு பூச்சு. மூன்றாவதில் மறுபடியும் மிளகுத்தூள். அதை முதல் முட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

தினமும் அவள் கையால் பொறுக்கிய முட்டைகள்தான். ஆனால் புள்ளி என்றால் புள்ளி என்று நினைத்துக்கொண்டிருந்தாளே தவிர, ஒரு நாளும் இப்படி உற்றுப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தால், மிளகுத்தூள் முட்டைகள் எல்லாம் ஒரே அச்சு. அவை அவசரம் உட்காரும் இடத்தில் கிடைப்பவை. சாம்பல் பூச்சு முறைப்பினுடையது. மேடத்தின் முட்டையில் புள்ளி மிகக் குறைவு, அங்கொன்று இங்கொன்று.

"அக்கா, ஒவ்வொரு காடையும் தனித்தனி டிசைன்ல போடுது! ஒரு காடை எப்பவும் ஒரே டிசைன்தான்!"

"அட! அதுங்களும் தையற்கடை வச்சிருக்கா?" என்றாள் அக்கா.

கிண்ணம் காலியானபோது துணிமேல் நான்கு வரிசைகள் இருந்தன. கடுகு மூச்சை நிறுத்திக்கொண்டு பார்த்தாள். நான்காவது வரிசையில் இருந்த முட்டைகளில் கறுப்புமையைக் கொட்டியதுபோலப் பெரிய பெரிய திட்டுகள். இந்த டிசைனை அவள் கூண்டுக்குள் பார்த்ததே இல்லை.

முட்டை போடுவது மூன்று காடைகள். வரிசை நான்கு.

"கொட்டாவி!" என்று கத்தினாள் கடுகு. "அது சும்மா உக்காந்திருக்கல. சாயங்காலம் நான் வெளிய விடறவரைக்கும் காத்திருந்து, ஹெல்மெட்டுக்குள்ள போய்ப் போட்டிருக்கு!"

அந்த நேரத்தில் டமாரம் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். இரண்டு கையாலும் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். உள்ளே அந்தக் கீறல் முட்டை. கடுகு எட்டிப் பார்த்தாள். கறுப்புத் திட்டு! நான்காவது வரிசையில் இருந்தவற்றோடு அச்சு அசலாக ஒத்துப்போனது.

"உறுதியாத் தெரிஞ்சுடுச்சு!" என்று கைதட்டினாள் அக்கா.

ஆனால் கடுகு கைதட்டவில்லை. அவள் நான்காவது வரிசையை எண்ணிக்கொண்டிருந்தாள். நான்கு முட்டைகள்தான் இருந்தன.

"டமாரம், நீ அஞ்சுதானே எடுத்தே?"

"ஆமா. அஞ்சு."

"இங்க நாலுதான் இருக்கு. அஞ்சாவது எங்க?"

எல்லாரும் மெல்லத் திரும்பித் தபால்காரரைப் பார்த்தார்கள். அவர் தம் வயிற்றைப் பார்த்தார்.

"இங்கதான் இருக்கு" என்றார் ஈனக் குரலில். "அம்மா, ஒரு வாய் தண்ணி குடு. வீட்டுக்குத் தகவல் சொல்லணும்."

"இருங்க மாமா, இருங்க!" கடுகு ஓடு கிடந்த தட்டை இழுத்தாள். காடை முட்டை ஓட்டுக்கு உள்ளே கெட்டியான தோல் உண்டு. உரித்தால் ஓடு அந்தத் தோலோடு ஒட்டிக்கொண்டு, நாடா மாதிரி சுருண்டு வரும். இரண்டு சுருள்கள் இருந்தன. ஒன்று தபால்காரர் சாப்பிட்டது, இன்னொன்று அக்காவின் கையில் இருந்தது. கடுகு இரண்டையும் விரித்துப் பார்த்தாள். ஒன்றில் மிளகுத்தூள், மற்றதில் சாம்பல் பூச்சு. கறுப்புத் திட்டு எங்கேயும் இல்லை.

"ரெண்டுமே நல்ல முட்டைதான் மாமா. ஒண்ணு அவசரத்தோடது, ஒண்ணு முறைப்போடது."

"அப்படியா?" தபால்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வலி விட்டுடுச்சு."

நல்ல செய்திதான். ஆனால் குழப்பம் இன்னும் பெரிதானது. தபால்காரரின் வயிற்றிலும் இல்லை, துணியிலும் இல்லை என்றால் ஐந்தாவது முட்டை எங்கே? அக்கா அவித்த பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள். கடுகு மேஜைக்கு அடியில் தவழ்ந்தாள். அட்டைப்பெட்டியை உதறினாள். தபால்காரர் தம் கடிதக் கட்டைக்கூடப் பிரித்துப் பார்த்தார். முட்டை இல்லை. ஒரு முட்டை கணக்கில் வராதவரை, அக்காவை எப்படி நிம்மதியாகச் சாப்பிடச் சொல்வது?

கடுகு தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு எதிரே டமாரம் நின்றான். உதடு பிதுங்கியிருந்தது.

"நான் நல்லதுக்குத்தானே வச்சேன்?" என்றான். அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினான்.

கடுகுக்குப் பாவமாக இருந்தது. அவனைத் திட்ட வாய் வரவில்லை. கிட்டே இழுத்து உட்காரவைத்தாள்.

"நல்லதுக்குத்தான்டா. எனக்குத் தெரியும். நேத்து நீ எப்படி எண்ணினேன்னு மட்டும் காட்டு. தொடாம எண்ணு."

டமாரம் கறுப்புத் திட்டு வரிசைமுன் குனிந்து, விரலை நீட்டினான். "ஒண்ணு. ரெண்டு. மூணு. அஞ்சு!"

கடுகு சட்டென்று நிமிர்ந்தாள்.

"இன்னொரு தடவை எண்ணு" என்றாள் கடுகு.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. அஞ்சு!"

"நாலு எங்கடா?"

"நாலு எனக்குப் பிடிக்காது. எழுதவே வர மாட்டேங்குது. அதனால சேர்த்துக்கறதில்ல."

முதலில் தபால்காரர்தான் சிரித்தார். அப்புறம் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடுகு துணிமேல் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமலே டமாரம் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். கூடையில் இருந்தது எட்டு. ஹெல்மெட்டில் இருந்து வந்தது நான்கு. கடுகின் கணக்கு நேற்று ராத்திரியும் சரியாகத்தான் இருந்தது.

கறுப்புத் திட்டு முட்டைகள் நான்கும், கீறல் முட்டையும் ஒரு பையில் கட்டப்பட்டுக் குப்பைக்குப் போயின. அவற்றில் ஒன்றிரண்டு நல்லதாக இருந்திருக்கலாம். ஆனால் எது என்று யாருக்கும் தெரியாதே. டமாரம் ஹெல்மெட்டை வெளியே வைத்துவிட்டு வந்தான். எல்லாரும் வரிசையில் நின்று சோப்புப் போட்டுக் கை கழுவினார்கள். தபால்காரர் இரண்டு தடவை கழுவினார்.

பை தைத்து முடிந்தது. தபால்காரர் கிளம்பினார். அக்கா சாப்பிடப்போன முட்டை தட்டில் தனியாக இருந்தது. கடுகு அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இனிமே என்கிட்ட முட்டை வாங்க மாட்டீங்க, இல்ல?"

"ஏன் அப்படிக் கேக்கறே?"

"புத்தம் புதுசுன்னு சொல்லிட்டுப் பழசைக் கொடுத்துட்டேனே."

அக்கா மெஷின் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அவளுக்கு நேராக உட்கார்ந்தாள். "கடையில வாங்கினா, பழசுன்னு தெரிஞ்சதும் கடைக்காரர் என் வீட்டுக்கு ஓடி வந்து கையைப் பிடிப்பாரா? நீ ஓடி வந்தே. வாங்கினா உன்கிட்டதான் வாங்குவேன். அடுத்த சனிக்கிழமை பன்னெண்டு வேண்டாம், எவ்வளவு இருக்கோ அவ்வளவு போதும்."

கடுகு சுவரை விட்டுவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினாள்.

அக்கா முட்டையை எடுத்தாள். உப்பில் தொட்டாள். முழுசாக வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி மென்றாள். கடுகும் டமாரமும் அவளுடைய முகத்தையே பார்த்தார்கள்.

திடீரென்று அக்கா "ஆ!" என்று வயிற்றைத் தொட்டாள்.

கடுகுக்கு உயிரே போய்விட்டது. "என்னக்கா? வலிக்குதா?"

அக்கா அவளுடைய கையைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள். உள்ளே இருந்து தொம் என்று ஒரு உதை.

"வலி இல்ல" என்றாள் அக்கா. "ஒண்ணு பத்தாதாம். இன்னொண்ணு உரி."